கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு எண்

செவ்வாய், டிசம்பர் 12.

இன்று வகுப்பில் ஒரு தப்பு செய்தேன். சின்னத் தப்புதான். பயிற்சிக்காக ஆளுக்கொரு நோயாளிப் பதிவுத் தாள் கொடுத்து, வீட்டில் யாருடைய விவரத்தையாவது வைத்து நிரப்பச் சொன்னார்கள். அப்பாவின் சர்க்கரை அளவு, பத்து நாளைக்கு உண்டானது, எனக்கு மனப்பாடம். மளமளவென்று எழுதிவிட்டேன். தாளில் இரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்று ‘பார்த்தது’, மற்றது ‘சொன்னது’. பத்து எண்களையும் ‘பார்த்தது’ கட்டத்தில் போட்டிருக்கிறேன். திருத்தியவர் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ‘நீங்களே பார்த்தீர்களா?’ என்று கேட்டிருந்தார். கை தவறிவிட்டது என்று சொன்னேன். கை தவறவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதே எனக்குத் தோன்றவில்லை.

இது சின்னவளின் நாட்குறிப்பு. அவள் இப்படித்தான். எதையும் எழுதி முடித்தால்தான் அது நடந்தது என்று நம்புவாள். பகலெல்லாம் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவாள். மாலையில் மருத்துவப் பதிவு எழுத்தர் வகுப்பு. வீட்டுக்கு வந்ததும் அன்றைய பக்கத்தை நிரப்பிவிட்டுத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தொடுவாள். அண்ணன் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘ரிஜிஸ்டர்’. இந்த வீட்டில் ஒரு கொசு செத்தால்கூட அதில் பதிவாகிவிடும் என்பான்.

இந்தக் குடும்பத்தோடு முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு அந்த மூடிய அறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வரி. பெருந்தொற்றின் இரண்டாம் வருடம் அம்மா அந்த அறையில் ஒன்பது நாள் தனியாகப் படுத்திருந்தாள். யாரும் உள்ளே போகக் கூடாது. வேளைக்கு ஒரு தடவை, விரலில் மாட்டும் கருவியைப் பார்த்து, ஆக்ஸிஜன் அளவை உள்ளேயிருந்து சத்தமாகச் சொல்வாள். வெளியே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சின்னவள் எழுதுவாள். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. பத்தாம் நாள் காலையில் குரல் வரவில்லை. ஆம்புலன்ஸ்காரர் வந்து பார்த்தபோது கருவி அறுபத்தெட்டு காட்டியது. ஒரே ராத்திரியில் இது இப்படி விழாதே என்று அவர் முணுமுணுத்தது சின்னவளின் காதில் மட்டும் விழுந்தது. அதற்கு இரண்டாம் நாள் அம்மா ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

அந்த முணுமுணுப்பைச் சின்னவள் இரண்டரை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. கொசு சாவதையும் எழுதுகிறவள் இதை மட்டும் எழுதவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஆளுக்கொரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அண்ணன் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனியின் உதவி எண்ணில் பேசுகிற வேலை பார்க்கிறான், வெளிக்கேட்டைத் தாண்டுவதில்லை. போன வாரம் ஷூவைப் போட்டு, நாடாவைக் கட்டி, தாழ்ப்பாளில் கை வைத்து, அப்படியே திரும்பி வந்தானே, அதுதான் இரண்டரை வருடத்தில் அவன் போன மிக நீண்ட பயணம். வீட்டிலுள்ள துணி அத்தனையும் அவன் பொறுப்பு. எதையும் இரண்டு தடவை துவைப்பான்.

சின்னவளுக்குக் காலையில் ஒரு எண் வேண்டும். பஸ் ஓட்டுநரான அப்பாவுக்குச் சர்க்கரை பன்னிரண்டு வருடமாக உண்டு. தினமும் விடிகாலை, முதல் பஸ் எடுக்கப் போகுமுன், அவர் அறைக்குள்ளிருந்தபடி விரலில் குத்திப் பார்த்து எண்ணைச் சொல்வார். அம்மா படுத்திருந்த அதே அறை. அதே கதவு. சின்னவள் அதே மேஜையில் எழுதிக்கொள்வாள்.

புதன்கிழமை காலையும் அப்படியே குரல் வந்தது.

“நூத்தி முப்பத்திரண்டு.”

சின்னவள் பேனாவைத் தாளில் வைத்தாள். எழுதவில்லை. சிவப்புச் சுழி கண்முன் வந்து நின்றது. அப்பா வெளியே வந்தார், டீயைக் குடித்தார், ஷூவை மாட்டினார். எழுதிட்டியா என்று கேட்டார். தலையாட்டினாள். அவர் படியிறங்கிப் போகும் சத்தம் தேயும்வரை பொறுத்திருந்து, அறைக்குள் போனாள்.

சர்க்கரை பார்க்கும் கருவி மேஜை இழுப்பறையில் தன் உறைக்குள் ஒழுங்காக இருந்தது. பொத்தானை அழுத்தினாள். திரை வெறுமையாக இருந்தது. மறுபடி அழுத்திப் பார்த்தாள். பின்மூடியைத் திறந்தால், பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்துப்போய் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ வருகிற பச்சை இல்லை அது. கடைசியாக வாங்கி வைத்த ஊசி டப்பாவின் முத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

அவள் கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அண்ணன் அறைக் கதவைத் தட்டினாள். அவன் விடிய விடிய வேலை பார்த்துவிட்டு, காதில் ஹெட்போனின் தடம் மாறாமல், தட்டில் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தான். கருவியை அவன் முன் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் உடனே சிரித்துக் கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

எழுந்துபோய், காய்ந்த துணிக்கூடையிலிருந்து அப்பாவின் காலுறை ஒன்றை எடுத்து வந்தான். வலது கால் உறை. பெருவிரலுக்குக் கீழே மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை. மூன்று வாரமாக இந்தக் கறை வருகிறது, எத்தனை தடவை துவைத்தாலும் போவதில்லை என்றான். அப்பாவிடம் கேட்டதற்கு, ஷூவுக்குள் பழைய தோல் உரிகிறது, அதன் சாயம் என்றாராம்.

“நீ நம்பினியா?” என்றாள் சின்னவள்.

“நம்பிக்கிட்டேன்.”

அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. நம்பாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு யாராவது கூட்டிப் போக வேண்டும். கூட்டிப் போவது என்றால் கேட்டைத் தாண்ட வேண்டும். அவன் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தானும் எட்டு மாதமோ பத்து மாதமோ நம்பிக்கொண்டு எழுதியவள்தானே என்று நினைத்தபடி கடைக்குக் கிளம்பினாள்.

கடையில் அன்று காலை வந்த முதல் ஆள் ஒரு தட்டச்சுக்காரம்மா. கண்ணாடியின் காதுக் கம்பி உடைந்துவிட்டது, மாட்டித் தர வேண்டும். சின்னவள் வாங்கிப் பார்த்தாள். ஆண்கள் போடுகிற அகலச் சட்டம். லென்ஸும் அந்த அம்மாளின் கண்ணுக்கு உரியதாகத் தெரியவில்லை. கேட்டதும் அந்த அம்மாள் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டாள். அது அவள் கணவருடையது. அவர் தொற்றில் போன பிறகு அதையே போட்டுக்கொள்கிறாள். தன் கண்ணைச் சோதிக்கப் போகலாம் என்றால், முன்னால் உட்கார்ந்து யாரோ தன் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் மூச்சு விடுவார்கள் என்று நினைத்து வாசலிலிருந்தே திரும்பிவிடுகிறாளாம். எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத்தான் தெரிகிறது, பழகிவிட்டது என்றாள்.

சின்னவள் காதுக் கம்பியை மாட்டிக் கொடுத்தாள். ஒரு மணிக்கு முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, கடைக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் போய் நின்றாள். அப்பாவின் பஸ் ஒன்று பத்துக்கு அங்கே வரும். வயிற்று வலி பொய்தான். அதையும் எழுத வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் அவள் பின்வாசலில் ஏறி, அப்பாவின் கண்ணில் படாமல் இடதுபக்க மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து ஓட்டுநர் இருக்கை பக்கவாட்டில் முழுசாகத் தெரியும். கண்டக்டருக்கு அவளைத் தெரியும். எல்லோரும் அவரை ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறக்கப் போனவரிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அப்பாவுக்குப் பிறந்தநாளா என்று கண்ணாலேயே கேட்டுவிட்டுப் போனார்.

முதல் இரண்டு நிறுத்தம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில்தான் பார்த்தாள். பிரேக் போடுவதற்கு முன் அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். அரை நொடி இருக்கும். பார்த்து, கால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகுதான் மிதித்தார்.

அடுத்த நிறுத்தத்திலும் குனிந்தார். சிக்னலிலும் குனிந்தார். பள்ளிக்கூட வளைவில் அவர் குனிந்த நேரத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியோடு சாலையில் இறங்கிவிட்டாள். வண்டி குலுங்கி நின்றது. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். டிரைவரு இன்னிக்கு டான்ஸ் கத்துக் குடுக்கறாரு, கம்பியைப் பிடிச்சுக்குங்க என்று விசில் குரல் கொடுக்க, நாலு பேர் சிரித்தார்கள். சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் குனிந்த தடவைகளை எண்ணினாள். 

கடைசி நிறுத்தம் வருவதற்குள் பதினாலு தடவை.

கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம் வண்டி நிற்கும். எல்லோரும் இறங்கினார்கள். விசில் டிக்கெட் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு நேரக் காப்பாளர் அறைப் பக்கம் போனார். அங்கிருந்து திரும்பி டிப்போவரை ஒரு நடை வண்டி ஓட்டினால் போதும், அதோடு அப்பாவின் வேலை முடியும். சின்னவள் எழுந்து முன்னால் போனாள்.

அப்பா ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, மறுநொடி சுருங்கியது.

“என்னம்மா, கடை இல்லையா?”

“சுகர் மீட்டர்ல பேட்டரி செத்துக் கிடக்குப்பா.”

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்த இடத்தையே துடைத்தார். பிறகு சிரிக்கப் பார்த்தார்.

“டீசல் முள் வேலை செய்யாத வண்டியை நாலு வருஷம் ஓட்டியிருக்கேன். உள்ள எவ்வளவு இருக்குன்னு முள்ளு வந்துதான் எனக்குச் சொல்லணுமா?”

“ஷூவைக் கழட்டுங்க.”

வண்டிக்குள்ளே எதுக்கு, வீட்டில் பார்க்கலாம் என்றார். சாயங்கால வகுப்பில் அதற்குள் டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டார்களா என்றார். பெரியவன் ஏதாவது வத்தி வைத்தானா என்று கேட்டார். சின்னவள் இருக்கைக்குப் பக்கத்தில், தரையில், குந்தி உட்கார்ந்தாள். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் குனிந்து பார்க்கிறீர்கள், பதினாலு தடவை எண்ணினேன் என்று மட்டும் சொன்னாள்.

அவர் காலை நீட்டினார்.

ஷூ வந்தது. காலுறை வரவில்லை. பெருவிரலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். முதலில் வாடை வந்தது. அப்புறம் காயம். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குழி. ஓரமெல்லாம் வெள்ளையாக ஊறித் தடித்து, நடுவில் சாம்பல் நிறம். சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தது. அவள் விரலால் ஓரத்தை மெல்ல அழுத்தினாள்.

“வலிக்குதாப்பா?”

“எங்க தொடறே?” என்றார் அப்பா.

அவர் விளையாடவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

சின்னவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் எழுந்து ஓடிவிடுவோம் என்று தோன்றியது. எத்தனை நாளாக என்றாள். தெரியாது என்றார். ஏன் தினமும் அந்த எண்ணைச் சொன்னீர்கள் என்றாள். அதற்கு மட்டும் அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

“நீதாம்மா கேட்டே.”

அம்மா போன பிறகு மூன்று மாதம், காலையில் எண் வராமல் சின்னவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கதவுக்கு வெளியே தட்டில் எதுவும் தொடாமல் உட்கார்ந்திருப்பாள். அது அவளுக்கே மறந்துபோயிருந்தது. நாட்குறிப்பே எழுதாத நாட்கள் அவை. அப்பாவுக்கு மறக்கவில்லை.

“மொதல்ல நிஜமாத்தான் பார்த்தேன். ஒரு நாள் முந்நூத்திப் பத்து காட்டுச்சு. அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது? நூத்தி முப்பதுன்னேன். நீ எழுதிட்டுப் போய் ரெண்டு ரொட்டி சாப்பிட்டே. மறுநாளும் அதே மாதிரி. அப்புறம் பார்க்கவே பயமா இருந்துச்சு. பேட்டரி போனப்ப, சரி, போகட்டும்னு விட்டுட்டேன்.”

வெளியே பஸ்ஸுக்கு வரிசை சேரத் தொடங்கியிருந்தது. முதல் ஆள் கண்ணாடியில் கையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

சின்னவள் காலைத் தன் மடியில் வைத்திருந்தாள். அழப்போகிறோம் என்று நினைத்தாள். ஆனால் வேறு ஒன்று வந்தது. இரண்டரை வருடமாக எழுதாதது.

“அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்கப்பா. அவங்க சொல்லச் சொல்ல நான் தொண்ணூத்தாறுன்னு எழுதினேன். அது தொண்ணூத்தாறு இல்ல. ஆம்புலன்ஸ்காரர் சொன்னார், ஒரே ராத்திரில விழாதாம். ஒரு தடவை நான் கதவைத் திறந்து பார்த்திருந்தா...”

அவளால் முடிக்க முடியவில்லை. அப்பா அவள் தோளில் கை வைக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. துடைத்த துணியை மடித்து ஸ்டியரிங்கின் மேல் வைத்தார். பேசியபோது குரல் அடங்கியிருந்தது.

“எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஏழாம் நாள் சாயங்காலம். பின்பக்க ஜன்னல்கிட்ட நின்னு பேசிட்டிருந்தேன். உங்கம்மா கருவி மாட்டின விரலைக் கண்ணாடியில வச்சுக் காட்டினா. எண்பத்தி நாலு.”

அந்த நாட்களில் ஊரே பூட்டிக் கிடந்தபோது ஓடியவை ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றிப்போகும் பஸ்கள்தான். அதில் ஒன்று அப்பாவுடையது. உள்ளே நடப்பதை நர்சுகள் பஸ்ஸில் பேசிக்கொண்டு வருவார்கள். படுக்கை இல்லாமல் தாழ்வாரத்தில் கிடப்பவர்கள், கையைப் பிடிக்க ஆளில்லாமல் போகிறவர்கள். அதை அப்பா ஒன்றுவிடாமல் வீட்டில் வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று, அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மனசில் வைத்துக்கொள்ள முடியாமல் சொல்லியிருக்கிறார். ஏழாம் நாள் அம்மா அதையே திருப்பிச் சொன்னாளாம். நீங்களே சொன்னீங்களே, அங்க என்னை அனுப்பாதீங்க, பிள்ளைங்ககிட்டயும் சொல்லாதீங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்.

“நான் தலையை ஆட்டிட்டேன்” என்றார் அப்பா. “அதுக்கப்புறம் ரெண்டு நாள் வண்டி ஓட்டினேன். வேளைக்கு ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரி வாசல்லதான் நிறுத்தறேன். ஏத்தறேன், இறக்கறேன். ஒரு தடவை இறங்கி உள்ள போய், என் வீட்டுக்காரிக்கு ஒரு பெட் குடுங்கன்னு கேட்டிருக்கலாம். கேட்கல. இப்ப அதே வாசல்ல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய் என் காலைக் காட்டறது?”

சின்னவளுக்கு முதலில் வந்தது கோபம். சுத்தமான, சூடான கோபம். அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அத்தனை காலையும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எண்ணைச் சொன்னதற்குப் பதில் இதைச் சொல்லியிருக்கலாம். என்னாலதான்னு நினைச்சிட்டிருந்தேன் என்றாள். நீ அப்படி நினைக்கறேன்னு எனக்குத் தெரியாதேம்மா என்றார் அவர். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். ஒரே வீட்டில், ஒரே கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

அவள் தன் கைக்குட்டையை நனைத்துக் காயத்தின் மேல் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. பிரித்து மறுபடி கட்டினாள்.

விசில் வந்து படியில் ஏறினார். முதலில் வரிசையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவர், காலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நாற்பது பேர் நிக்கறாங்க என்று தணிந்த குரலில், யாரிடம் சொல்வது என்று தெரியாமல், கம்பியிடம் சொன்னார்.

அப்பா ஷூவை எடுத்தார். இந்த ஒரு நடை மட்டும்தான், அரை மணி நேரம், டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றார். நாளைக்கு லீவு போடுகிறேன் என்றார். நேரக் காப்பாளரிடம் இப்போது போய்ச் சொன்னால் எழுதிவிடுவார்கள், எழுதினால் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட விடுவார்களோ மாட்டார்களோ என்றார். இருபத்தாறு வருடம் ஒரு ஆளை இடித்ததில்லை என்றார். அதுவரை அவர் குரல், கதவுக்கு உள்ளேயிருந்து எண் சொல்லும் அதே குரலாக இருந்தது. இப்போது கெஞ்சல் கலந்திருந்தது.

சின்னவள் பள்ளிக்கூட வளைவுத் தள்ளுவண்டியை நினைத்தாள். அதற்குள் என்ன இருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

“வேண்டாம்பா.”

“ஒரே ஒரு நடைம்மா.”

“அம்மாவுக்குத் தலையாட்டின மாதிரி நான் இதுக்குத் தலையாட்ட மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க. உங்க வாயால.”

சொன்ன பிறகு, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குப் பகீரென்றது. அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. விசில் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றதும் வரிசையில் நின்றவர்களின் பேச்சு திடீரென்று பெரிதாகக் கேட்டது. அவர் ஒரு காலில் ஷூவும், இன்னொரு காலில் கைக்குட்டையுமாக இறங்கி, அந்த அகலமான சிமென்ட் தளத்தைக் கடந்து நேரக் காப்பாளர் அறைக்கு நடந்தார். ஒரு தடவை, நடுவில், குனிந்து காலைப் பார்த்துக்கொண்டார். சின்னவள் கூடப் போகவில்லை. போனால் அவருக்குப் பதில் தானே பேசிவிடுவோம் என்று படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. நேரக் காப்பாளர் முதலில் பேனாவை எடுத்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு எழுந்து, தன் நாற்காலியை அப்பாவுக்குத் தள்ளினார். அதுவரைதான் தெரிந்தது.

மாற்று ஓட்டுநர் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. வரிசை முணுமுணுத்தது, வைதது, அப்புறம் ஏறி உட்கார்ந்தது. அப்பாவும் சின்னவளும் பயணிகளோடு பயணிகளாக ஏறினார்கள். அப்பாவுக்கு ஜன்னல் ஓர இருக்கை. ஒவ்வொரு நிறுத்தம் நெருங்கும்போதும், அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அவருக்கு அது தெரியவில்லை. சின்னவள் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். அப்பா முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பி, அந்த மதில் முடியும் இடத்தில்தான் பேசினார்.

“நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குத் திறப்பாங்க?”

“ஏழரைக்கு.”

சரி என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, ஜன்னல் விஷயத்தைப் பெரியவனிடம் சொல்ல வேண்டாம் என்றார். அவன் இப்போதுதான் கேட்டுவரை வந்திருக்கிறான், இதைக் கேட்டால் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வான் என்றார். சின்னவள் அவருடைய கழற்றிய ஷூவை மடியில் வைத்துக்கொண்டாள். யாருக்கும் எதையும் சொல்லாமல் காப்பாற்றியதில்தான் இந்தக் கால் இப்படி ஆனது என்று தோன்றியது. ஆனால் அதைச் சொல்ல இது இடமில்லை என்றும் தோன்றியது. எது சரி என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

வீட்டில் அண்ணன் சும்மா இருக்கவில்லை. தன் வேலைக் குரலில், அந்த ‘உங்களுக்கு நான் எப்படி உதவலாம்’ குரலில், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, மூன்று இடத்துக்கு மாற்றிவிடப்பட்டு, ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு நன்றி சொல்லி, கடைசியில் காலையில் கால் காயம் பார்க்கும் பிரிவில் நான்காவது ஆளாக அப்பாவின் பெயரைப் பதிந்துவிட்டிருந்தான். உதவி எண்ணில் இருப்பவனையே காத்திருக்க வைத்துப் பாட்டுப் போட்டார்கள் என்று அலுத்துக்கொண்டான். அப்பா ஒரு காலில் ஷூவோடு உள்ளே வந்ததைப் பார்த்ததும் பேச்சு நின்றது. போய் ஒரு சுத்தமான பழைய வேட்டித் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தான்.

அப்பா தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

அண்ணன் சின்னவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டான்.

“ரிஜிஸ்டர், ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு அப்பா ரூம் திரையெல்லாம் துவைச்சேன். பின்பக்க ஜன்னல்ல மட்டும் திரையைக் கழட்டவே முடியல. ஆணி அடிச்சு வச்சிருக்கார். எதுக்கு?”

சின்னவள் அவனைப் பார்த்தாள். மூன்று வாரம் கறையை நம்பிக்கொண்டவனின் முகமாக அது இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சொல்கிறேன் என்றாள். அப்போ விஷயம் இருக்கு என்றான் அவன். இருக்கு என்றாள்.

அன்றிரவு அவள் நாட்குறிப்பில் எழுதியது. நாளைக்குச் செய்ய வேண்டியது: ஐந்தே முக்காலுக்கு எழ வேண்டும். அப்பா எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகள் அத்தனையும், வலது காலுக்கு அகலமான செருப்பும். ஏழு மணி பஸ். ஆஸ்பத்திரி வாசல் நிறுத்தத்தில் அப்பாவோடு இறங்கி, அவரோடு உள்ளே போக வேண்டும்.